இசைவாணர் உடலும் உயிர்ப்பும்

(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவதிகையில் சூலை நோயால் துடித்த மருணீக்கியார், தமக்கையார் திலகவதியார் அளித்த திருநீற்றைப் பூசிக்கொண்டு திருக்கோயிலுட் புகுந்து பாடிய பதிகமே நாவுக்கரசர் தேவாரத்தின் தோற்றுவாய் என்பதைச் சைவ உலகம் நன்கறியும். அங்கே வலி பாட்டுக்கு வாயிலாயிற்று. இன்று இம்மண்டபத்தில் எடுத்துக்கொண்ட பொருளோ அதற்கு மறுதலையானது. பாட்டே வலிக்கு வாயிலாகும் நிலையைப் பற்றியது. திருமுறை விண்ணப்பிக்கும் ஓதுவாரின் தொண்டையிலும், நாகசுரம் ஊதுவாரின் கழுத்திலும், தவில் முழக்குவாரின் தோளிலும், வீணை மீட்டுவாரின் மணிக்கட்டிலும் ஆண்டாண்டாகச் சேர்ந்து வரும் நோவு, கேட்பவர் செவிக்கு எட்டுவதில்லை. எட்டாதவாறு மறைத்துக்கொள்வதும் அவர்தம் தொழிலின் ஒரு கூறாகவே ஆகிவிட்டது.

மறைப்பதற்குக் காரணம் உண்டு. வலியென்று வாய் திறந்தால் அடுத்த திருவிழாவுக்கு வேறொருவரை அழைத்துவிடுவார்கள் என்ற அச்சம் ஒன்று. குருநாதர் காலத்தில் இப்படியெல்லாம் யாரும் முனகியதில்லை என்ற கூச்சம் மற்றொன்று. நெல்லையப்பர் திருக்கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்கள் தேய்ந்துவிடலாகாதே என்ற கவலை ஊரார் யாவர்க்கும் உண்டு. அத்தூண்களுக்கு முன் நின்று ஊதும் மனிதரின் முதுகெலும்பைப் பற்றி எத்தனை பேர் கவலைப்பட்டிருப்பர்?

பொருநையாற்று வெளியில் நாகசுர ஒலி கேளாத ஊர் அரிது. (நாகசுரமா, நாதசுரமா என்ற பெயர் வழக்கு ஈண்டு வேண்டா, அதற்குத் தனியே ஒரு நாள் வேண்டும்.) சேரன்மாதேவிக்கு மேற்கேயுள்ள காருகுறிச்சியில் 1921-இல் பிறந்த அருணாசலம், திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையிடம் பயின்று, 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தின் வாயிலாக, கோயில் வாயிலில் நின்று கேட்டறியாதார் செவிக்கும் அக்கருவியைக் கொண்டு சேர்த்தார். 1964-இல் அவர் மறைந்தபோது தென்பாண்டி நாடே வருந்தியது. அவருடைய ஆசிரியர் இராசரத்தினம் பிள்ளை செய்த ஒரு செயல் இன்றைய பொருளுக்கு நேரே தொடர்புடையது. அவர் காலம் வரை பெருவழக்காக இருந்தது 'திமிரி' எனப்படும் குறுகிய நாகசுரம். சுருதி உயர்ந்தது, நெடுந்தொலைவு கேட்பது, அதற்கேற்ப மூச்சையும் கடுமையாகக் கேட்பது. நரசிங்கம்பேட்டைக் கருவி செய்யும் இரங்கநாத ஆசாரியுடன் கலந்து, நீண்டு சுருதி தாழ்ந்த 'பாரி' நாகசுரத்தைப் பிள்ளையவர்கள் சீர்செய்து வழக்குக்குக் கொணர்ந்தார். இசையின் இனிமை கருதிச் செய்த மாற்றம் அது. எனினும் கருவியும் உடலுக்கு இணங்க மாறலாம் என்பதற்கும் அதுவே சான்றாக நிற்கிறது. உடல்தான் கருவிக்கு இணங்கி வளைய வேண்டும் என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை.

இனி, நாகசுரக்காரரின் உடலை மேலிருந்து கீழாக நோக்குக. ஆச்சா மரத்தாற் செய்த உலவும், அடியில் அணசும், தலையில் கெண்டையும் சீவாளியும் கொண்ட அக்கருவியை இரு கைகளாலும் முன்னே ஏந்தி நிற்கவேண்டும். கை தளருந்தோறும் கருவி தாழும். கருவி தாழுந்தோறும் வாய் அதைத் தேடிச் செல்லும். தலை முன்னே நீண்டு குனியும். மனிதனின் தலை ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ளது. அது தோள்களுக்கு நேர்மேலே நிற்கும்வரை எலும்பே அதைத் தாங்கிக்கொள்கிறது. முன்னே நீண்டுவிட்டால் பிடரித் தசைகள் இரவு முழுதும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனித் தேரோட்டத்தின்போது நான்கு இரத வீதிகளையும் சுற்றி வருவாருக்கு மறுநாட் காலையில் கழுத்து ஏன் திரும்பவில்லை என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா. கருவி வாயை நாடி வரவேண்டும். வாய் கருவியை நாடிச் செல்லலாகாது. முழங்கால்களை விறைக்க நிற்காமல் சற்றே தளர்த்தி, எடையை இரு பாதங்களுக்கும் ஒப்பப் பகிர்ந்து நின்றால், இடுப்பும் முதுகும் தாமே ஒழுங்குறும். ஒரு காலில் சாய்ந்து நிற்பது இளைப்பாறுதல் போலத் தோன்றும். ஆனால் இடுப்பின் ஒரு பக்கமே அந்தச் சுமையை ஏற்கிறது.

மூச்சின் நிலை இதனினும் நுட்பமானது. கொறுக்கைத் தட்டையாலாகிய சீவாளியின் இரு இதழ்களுக்கும் இடையேயுள்ள பிளவு மிகச் சிறியது. அதன் வழியே காற்றைச் செலுத்த, வாய், மிடறு, மார்பு மூன்றிலும் அழுத்தம் ஏறுகிறது. இந்த அழுத்தத்தைத் தோளாலும் கழுத்தாலும் உண்டாக்குவார் பலர். மூச்சு வாங்கும்போது தோள் காதை நோக்கி எழுவதே அதன் அடையாளம். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே குடை போல் விரிந்து கிடக்கும் உதரவிதானம் என்னும் தசையே மூச்சின் முதற் கருவி. அது கீழே இறங்கினால் விலாவின் அடிப்பகுதி பக்கங்களில் விரியும், வயிறு மெல்ல முன்வரும், தோள் அசையாது. அதை விட்டுக் கழுத்துத் தசைகளால் மார்புக் கூட்டை மேலே தூக்கி மூச்சு வாங்குவது, கிணற்றில் நீர் நிறைந்திருக்க மேல்தொட்டியைச் சுரண்டி மொள்வது போன்றது. பயில்வது எளிது. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, ஒரு கையை வயிற்றின்மேலும் மற்றொன்றை மார்பின்மேலும் வைத்து, வயிற்றின்மேல் உள்ள கை மட்டும் எழுமாறு பத்து நிமிடம் மூச்சு விட்டுப் பழகுக. பின்னர் அமர்ந்து, அதன்பின் நின்று, இறுதியாகக் கருவியைக் கையிலேந்தி அவ்வாறே செய்க. முதலிலேயே கருவியோடு தொடங்கினால் பழைய வழக்கமே வெல்லும்.

மேனாட்டில் நாகசுரத்தைப் போன்றே இரட்டை நாக்குடைய 'ஓபோ' என்னும் கருவி உண்டு. அதனை ஊதுவார்க்கு நேரும் இடர் காற்றுத் தீர்ந்துபோவதன்று. கழிந்த காற்று வெளியேற வழியின்றி உள்ளே தேங்கி நிற்பதே. ஆகவே அவர்கள் முதலில் எஞ்சியதை வெளியே விட்டு, அதன்பின்னரே புது மூச்சு வாங்குகின்றனர். நாகசுரத்தின் சீவாளி அதனினும் அகன்றது. காற்றும் மிகுதியாகச் செல்லும். ஆயினும் நெடிய ஆலாபனைப் பிடியின் முடிவில், இருக்கும் காற்றின்மேலேயே மேலும் காற்றைத் திணித்துக்கொண்டு மார்பு இறுகி நிற்கும் நிலை இங்கும் காணக்கூடியதே. ஒத்து ஊதுவாரின் வித்தை வேறு. கன்னத்தைத் துருத்தியாக்கி, அதிற் சேர்த்த காற்றைச் செலுத்திக்கொண்டிருக்கும்போதே மூக்கால் மூச்சு வாங்கி, சுருதி அறாமல் மணிக்கணக்கில் நிறுத்துவார்கள். மின்சாரச் சுருதிப் பெட்டி வந்தபின் அக்கலை அருகிவிட்டது. மூச்சைப் பற்றி அவர்கள் அறிந்திருந்ததைக் கேட்டு எழுதி வைப்பார் இல்லாமற் போனது ஒரு குறையே.

சேக்கிழார் பெருமான் ஆனாய நாயனார் புராணத்தில் வேய்ங்குழல் செய்யும் முறையையும், துளையிடும் அளவையும், விரல் நிற்கும் நிலையையும், ஊதும் திறத்தையும் விரித்துரைப்பதைப் படிப்பார்க்கு, அவர் குழலிசையை அருகிருந்து கூர்ந்து நோக்கியவர் என்பது விளங்கும். திருத்தக்கதேவரோ மற்றொரு வகையில் வியப்பூட்டுகின்றார். சீவகசிந்தாமணியில் காந்தருவதத்தை யாழொடு பாடும் இடத்தில் இசையை மட்டும் புகழ்ந்து அமையாமல், பாடுகிறவளுடைய புருவம், விழி, கழுத்து, பல் ஆகியவற்றில் வருத்தத்தின் சுவடே காணப்படாமையை எடுத்துச் சொல்கின்றார். அதனை அழகுணர்ச்சி என்று கொள்வாரே பலர். மருத்துவர் ஒருவர் அதனைப் படித்தால், தேவையற்ற தசைகள் ஓய்ந்திருக்கத் தேவையானவை மட்டுமே தொழிற்படும் நிலை என்று உரை எழுதுவார். இரு உரையும் பொருந்துவனவே. புருவம் நெரியப் பாடுவது உருக்கத்தின் அறிகுறி என்று மயங்கிக் கைதட்டும் அவையினர்க்கும் இதிற் பொறுப்பு உண்டு.

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் பிராணாயாமத்துக்குப் பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 என்று மாத்திரை வகுத்தார். உள்வாங்குவதினும் வெளிவிடுவது இரட்டித்திருப்பதைக் கவனித்தல் வேண்டும். பாடுவார்க்கும் ஊதுவார்க்கும் வேண்டுவதும் அதுவே. வெளிமூச்சு நீளுந்தோறும் நெஞ்சத் துடிப்புத் தணிந்து தசை இறுக்கம் குறையும். ஆனால் 64 மாத்திரை மூச்சை அடக்குவது யோக நெறியில் ஆசிரியன் அருகிருக்கப் பயில்வது. அதை நூல் பார்த்துத் தாமே முயல்வது தகாது. அதிலும் குருதி அழுத்தம் மிக்கவர்கள் கும்பகத்தைத் தொடாமலிருப்பதே நன்று. உரத்து ஊதுங்கால் கண்ணினுள் அழுத்தம் உயர்வதும் ஆய்ந்தறியப்பட்டுள்ளது. ஆகவே கண்ணழுத்த நோய் உடைய குழற்கலைஞர் தலைகீழாக நிற்கும் ஆசனங்களில் இறங்குமுன் கண் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். யோகம் என்றாலே தலைகீழாக நிற்பது என்று எண்ணுவார் தொகை பெருகிவிட்டமையால் இதைச் சொல்ல நேர்ந்தது.

மூச்சுப் பயிற்சியைப் பற்றிப் பேசும்போது காருகுறிச்சிக்கு அணித்தே உள்ள பத்தமடையை மறப்பதற்கில்லை. கோரைப் பாயால் பெயர்பெற்ற அவ்வூரில் 1887-இல் பிறந்த குப்புசாமி, மருத்துவம் பயின்று மலேயாவில் தொழில் புரிந்து, பின்னர்த் துறவு பூண்டு ரிஷிகேசத்தில் சிவானந்தராய் விளங்கினார். 1936-இல் அவர் நிறுவிய தெய்வ நெறிக் கழகம் பிராணாயாமத்தையும் ஆசனத்தையும் உலகெங்கும் கொண்டுசென்றது. மருத்துவரே யோகியானமையால், எப்பயிற்சி யார்க்குத் தகாது என்பதையும் சேர்த்தெழுதும் பழக்கம் அவரிடம் இருந்தது.

பத்தமடைப் பாயைச் சொன்னதால் அமர்வையும் சொல்லவேண்டும். ஓதுவாரும் வாய்ப்பாட்டுக்காரரும் வீணைக்காரரும் தரையில் சம்மணமிட்டே அமர்கின்றனர். பாய் எத்துணை மென்மையானதாயினும் மெல்லியது. அதன்மேல் அமர்வது தரையில் அமர்வதே. இடுப்பினும் முழங்கால் உயர்ந்து நிற்குமாயின் இடுப்பெலும்பு பின்னே சாயும், கீழ்முதுகு வில்லாய் வளையும், மார்பு ஒடுங்கும், உதரவிதானத்துக்கு இறங்க இடமிராது. மடித்த கம்பளியையோ சிறு மணையையோ இருக்கையின் கீழ் மட்டும் வைத்து இரண்டு மூன்று அங்குலம் உயர்த்திக்கொண்டால் முழங்கால் தாழ்ந்து முதுகு தானே நிமிரும். 'நிமிர்ந்து உட்கார்' என்று நூறு முறை அதட்டுவதால் ஆகாதது ஒரு கம்பளி மடிப்பால் ஆகும். வீணைக்காரர் மெட்டுகளைப் பார்க்க ஓயாது குனிவதையும், இடக்கை மணிக்கட்டை உள்நோக்கி ஒடித்துப் பிடிப்பதையும் ஆசிரியன்மார் தொடக்கத்திலேயே திருத்தவேண்டும். மணிக்கட்டு வளைந்த நிலையில் விரல் வலிந்து கமகம் இழுப்பதே நரம்பும் தசைநாணும் நைவதற்கு முதற் காரணம்.

பிடிலின் வரலாறு இன்னும் சுவையானது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1859) அம்மேனாட்டுக் கருவியைக் கருநாடக இசைக்கு ஏற்றவர்; எட்டயபுரம் அரசவையில் விளங்கியவர். ஐரோப்பாவில் நின்றுகொண்டு, தாடைக்கும் தோளுக்கும் இடையே இடுக்கி வாசிப்பது வழக்கம். அப்பிடிப்பை உறுதிப்படுத்த, சுபோர் என்னும் செருமானிய வித்துவான் 1820-ஐ ஒட்டித் தாடைத் தாங்கி ஒன்றைப் புனைந்தார். தமிழகத்திலோ தாங்கிக்கு வேலையே இல்லாமற் போயிற்று. சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் ஒரு முனையை மார்பிலும் மறுமுனையை வலக்காற் கணுக்காலிலும் நிறுத்தியதால் எடையைக் காலே தாங்குகிறது. இடக்கை எத்தளையுமின்றி மேலும் கீழும் வழுக்கிக் கமகம் பேசுகிறது. இசையின் தேவை கருதி அமைந்த இருக்கை கழுத்துக்கும் நலம் செய்தது. ஆயினும் அதற்கும் விலை உண்டு: மணிக்கணக்கில் ஒரே பக்கம் மடங்கிய வலக்காலும் இடுப்பும் மரத்துப்போகின்றன. கச்சேரியில் இயலாவிடினும் வீட்டுச் சாதகத்திலேனும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடந்து வருதல் வேண்டும்.

மேலை நாட்டார் இந்நோவை மறைக்காமல் எழுதி வைத்தனர். இத்தாலிய மருத்துவர் இராமசினி தொழில் நோய்கள் பற்றிய தம் நூலில் (முதற்பதிப்பு 1700) பாடுவாரையும் சேர்த்தார். ஆசுத்திரேலியாவில் பிறந்த அலெக்சாண்டர் (1869–1955) மேடையில் செய்யுள் ஒப்பிக்கும் தொழிலினர்; குரல் அடைத்துப் போயிற்று. மருத்துவர் சொன்ன ஓய்வால் தீர்ந்த குரலடைப்பு, மேடையேறியதும் மீண்டது. அவர் கண்ணாடிகளின் முன் நின்று தம்மையே உற்றுநோக்கி, வாய் திறக்கப் புகுமுன்னரே தலையைப் பின்னுக்கு இழுத்து, மிடற்றை அமுக்கி, ஒலியெழ மூச்சை உறிஞ்சுவதைக் கண்டறிந்தார். அதை விடப் பழகியபின் குரல் மீண்டது. அதுவே ஒரு பயிற்சி முறையாயிற்று. முறையின் பயனை 2008-இல் பிரித்தானிய மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வொன்று அளந்து காட்டியது. தீராத முதுகுவலியுடைய 579 பேரிடை நடந்த அவ்வாய்வில், ஓராண்டு கழித்து, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்கள் நான்கு வாரத்தில் 21 நாள் வலியோடிருக்க, 24 பாடம் பயின்றவர்கள் 3 நாளே வலியுற்றனர். அவர்கள் இசைவாணரல்லர், பொதுமக்களே. முறை மட்டும் ஒரு கலைஞன் கண்டது.

பிடில் மேதை மெனுகின் கதையோ கிழக்கு நோக்கியது. இளமையிலேயே உலகப் புகழ் பெற்ற அவர், உடல் நோவும் சோர்வும் மிக்கு, 1952-இல் பம்பாய் வந்தபோது பெல்லூர் கிருஷ்ணமாச்சார் சுந்தரராஜ ஐயங்காரைக் கண்டார். ஐயங்கார் கற்பித்த ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் தம் வாசிப்பைச் சீராக்கியதாக உணர்ந்து, 1954-இல் அவரைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துக்கொண்டார். 1966-இல் வெளிவந்த ஐயங்காரின் யோக நூலுக்கு முன்னுரையும் வழங்கினார். உலகறிந்த வித்துவான் தம் வலியை ஒளிக்காமல் ஒரு யோகாசிரியரிடம் மாணவராய் அமர்ந்தமை பெருமைக்குரியது. அதைச் செய்ய அவருக்கு வசதியும் இருந்தது என்பதையும் மறத்தலாகாது. நாட்கூலிக்கு வாசிக்கும் மேளக்காரர்க்கு அவ்வசதி எங்கிருந்து வரும்?

வில்லுப்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். சுடலைமாடசாமி கொடையில் அந்தியிற் தொடங்கி விடியும் வரை கதை சொல்லும் புலவர், குடத்தையும் உடுக்கையையும் மிஞ்சிக் குரலெழுப்பிய காலம் ஒன்று இருந்தது. ஒலிபெருக்கி வந்து பல்லாண்டாகியும் அந்தக் கத்தல் மட்டும் போகவில்லை. ஓதுவார் சிலரிடமும் இதே வழக்கம் உண்டு. ஒலிவாங்கியின் முன் அமர்ந்தவர் எதிரே இருப்பவரிடம் பேசும் அளவுக்குக் குரலெடுத்தாற் போதும். கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவது பக்திக்கு அளவுகோல் அன்று. தொண்டை கம்மியிருக்கும்போது பாடாமலிருப்பதே மருந்து. குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருந்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, இரவில் உறக்கம் கலைக்கும் வலியிருந்தாலோ, ஆசனத்தையும் எண்ணெய்த் தேய்ப்பையும் நம்பிக் காலங்கடத்தாமல் பாளையங்கோட்டை மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

தவிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறையாகும். முன்பு தோல் வார்கொண்டு இறுக்கிய தவில் இக்காலத்தில் இரும்பு வளையமும் திருகாணியும் பெற்றது, சுருதி நிலைத்தது, கனமும் ஏறிற்று. அந்தக் கனம் முழுதும் ஒற்றை வாரில் ஒரு தோளில் தொங்குகிறது. வார் அகலமாயும், உள்ளே பஞ்சோ துணியோ வைத்துத் தைத்ததாயும் இருந்தால் தோள் வெட்டுப்படாது. ஊர்வலத்தில் சுவாமி நிற்கும் மண்டகப்படிதோறும் தவிலை இறக்கி வைத்து இரு தோள்களையும் சுழற்றிவிட நேரம் வேண்டும். இதற்கு மண்டகப்படிக்காரர் இசையவேண்டும். மேளக்காரர் ஓய்ந்திருப்பதைச் சோம்பல் என்று கருதும் எண்ணம் போகவேண்டும்.

குடமுழுக்கு நிறைவெய்தியபின் 48 நாள் மண்டலாபிடேகம் நடைபெறும். அந்நாள் யாவற்றிலும் காலையும் மாலையும் மேளம் வேண்டும். யாகசாலையில் ஊதிக் களைத்தவர்களே அதற்கும் நிற்பர். திருப்பணிக் குழுவினர் இரண்டு தொகுதி மேளத்தை அமர்த்தி ஒருநாள் விட்டு ஒருநாள் வாசிக்கச் செய்தால் செலவு பெரிதும் கூடாது. சன்னிதி வாயிலுக்கு வெளியே, பூசை தொடங்கும்வரை அவர்கள் அமர்ந்திருக்க முதுகு சாயும் பலகை ஒன்றும், ஓதுவார் அமருமிடத்தில் பாயின்மேல் இட ஒரு கம்பளியும், சூடு ஆறாத வெந்நீர்ச் செம்பு ஒன்றும் வைத்தல் வேண்டும். பலகைக்கான மரம் திருப்பணிக் கொட்டகையிலேயே மிச்சம் கிடக்கிறது.